கோட் படிக்கப் பழகினேன்

வேலையில் சேர்ந்த புதிதில் கோட் எழுதும் வேலை எனக்கு அதிகம் வரவில்லை. எடிட்டருக்குள்ளேயே ஏஐ அசிஸ்டன்ட் உட்கார்ந்திருந்தது. வேண்டியதை நாலு வரியில் சொன்னால் நாற்பது வரி கொட்டும். அதைப் படித்து, ஓட்டிப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்வதுதான் சென்னை ஓ.எம்.ஆரில் டிரெய்னியாக நான் பழகிய தொழில்.

முன்பு புதிதாக வருகிறவர்களுக்குச் சின்ன பக் ஃபிக்ஸ், டெஸ்ட் கேஸ் என்று கொடுப்பார்களாம். யாரோ எழுதி வைத்த பழைய கோடுக்குள் நாள்கணக்கில் துழாவித் துழாவியே தொழில் பிடிபட்டுவிடும். அசிஸ்டன்ட் முதலில் வாங்கிக்கொண்டது அந்த வேலைகளைத்தான். பழகுவதற்கு இடமே இல்லாமல் போகிறதே என்று என் வயதுக்காரர்கள் கவலைப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது. எனக்கு அந்த இடத்தை எங்கள் டீம் லீட் உண்டாக்கிக் கொடுத்தார்.

அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மதுரைக்காரர். அசிஸ்டன்டைத் தொடாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ரிவ்யூவுக்கு அனுப்பினால், பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாக விளக்கச் சொல்வார். "நீ எழுதினியா, அது எழுதுச்சாங்கிறது எனக்கு வேணாம்பா. கிட்ல உன் பேருதான் நிக்கும்." எந்த வரியை யார், எப்போது சேர்த்தார்கள் என்பதை, கோடில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மறக்காது. விளக்க முடியாத வரி உள்ளே போகாது என்பது அவருடைய சட்டம்.

ஒருமுறை பள்ளிகளுக்கான மென்பொருளில், மாணவர் பட்டியலில் தமிழ்ப் பெயரோடு அப்பா பெயரின் இனிஷியலும் அச்சாக வேண்டியிருந்தது. இனிஷியலும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று அரசாணையே உண்டு. அசிஸ்டன்ட் பைத்தானில் ஒரு ஃபங்ஷன் எழுதியது: பெயரின் முதல் எழுத்தை எடு, பின்னால் புள்ளி வை. டெஸ்ட்டையும் அதுவே எழுதியது. ஓட்டினால் எல்லாம் பச்சை.

அக்கா 'கிருஷ்ணன்' என்று தட்டினார். 'க.' என்று வந்தது. 'முருகேசன்' என்று தட்டினார். 'ம.'

நமக்கு 'கி' ஒரே எழுத்து. யுனிகோடிலோ 'க' ஒரு குறியீடு, அதன் மேல் ஏறும் இகரக் குறி இன்னொரு குறியீடு. நீளம் எவ்வளவு என்று கேட்டால் பைத்தான் 2 என்று சொல்லும். முதலாவதை எடு என்றால் குறி கழன்றுவிடும். டெஸ்ட்டில் இருந்த பெயர்கள் எல்லாமே ஆங்கில எழுத்தில் இருந்ததால் இது தெரியவில்லை. கோடையும் டெஸ்ட்டையும் ஒரே அசிஸ்டன்டிடம் விட்டால், முதலில் விட்டதை இரண்டாவதிலும் விடும். ரிவ்யூவில் நான் இன்றும் முதலில் தேடுவது இதைத்தான்.

"சரி, அதுகிட்டயே சொல்லு" என்றார் அக்கா. சொன்னதும், எழுத்தையும் குறியையும் சேர்த்தே எடுக்கிற மாதிரி நொடியில் மாற்றிக் கொடுத்தது. கி, மு சரியாக வந்தன. அடுத்து 'ஸ்ரீதர்' போட்டார். 'ஸ்.' என்று வந்தது. அந்த விதிப்படி ஸ்ரீ என்பது 'ஸ்', 'ரீ' என்று இரண்டாகப் பிரிந்துவிடும். அதற்குத் தனியாக எழுதினோம். பிறகு தேடும் பெட்டியில் 'கோமதி'. பட்டியலில் கண்ணெதிரே இருக்கிற பெயர், தேடினால் இல்லை. 'கோ'வில் இருக்கும் ஓகாரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே கிடையாது. கணினிக்கு இரண்டும் வேறு. ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வசதி பைத்தானிலேயே இருக்கிறது, கூப்பிடத்தான் ஆள் வேண்டும்.

அவர் தட்டிய ஒவ்வொரு பெயரும் என்றைக்கோ அவர் மல்லுக்கட்டிய ஒரு பக். அந்த அனுபவம் எங்களுக்கு எங்கிருந்து வரும்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். சீக்கிரமே லேப் ரெக்கார்டெல்லாம் அதிலிருந்து வர ஆரம்பித்தது. புரோகிராம், அவுட்புட், கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கும். இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று வைவாவில் கேட்டவர்கள் அபூர்வம். 2025 பிப்ரவரியில் ஏஐ ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரே கர்பதி 'வைப் கோடிங்' என்று ஒன்றைச் சொன்னார். கோட் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு ஏஐயை எழுதவிடுவது. வார இறுதியில் செய்து தூக்கிப் போடுகிற புராஜெக்ட்டுக்குப் பரவாயில்லை என்றுதான் அவரும் சொன்னார். ஒரு பிள்ளையின் பெயர் அச்சாகிற பட்டியல் அந்த ரகம் இல்லை.

கற்பிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். லேப் தேர்வில், ஏஐ எழுதிய புரோகிராம் ஒன்றை அச்சடித்துக் கொடுங்கள். எந்த இன்புட் கொடுத்தால் அது தப்பாகும் என்று கண்டுபிடிக்கச் சொல்லி, அதற்கு மதிப்பெண் போடுங்கள். கடைசி வருடம் வரை காத்திருக்க வேண்டாம், முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள்.