தஞ்சை அரண்மனையில் ரிஷபவாகனர்

தஞ்சைக்கு யாத்திரை வருகிறவர்களிற் பலர், பெரிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்த பிரமிப்பு நீங்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். சற்றுத் தொலைவில், நாயக்க மன்னர்கள் எழுப்பி, போன்ஸ்லே வம்சத்து மராட்டிய மன்னர்கள் 1855 வரை வாசம் செய்த அரண்மனைக்குள்ளே, சோழ நாட்டுச் சிற்பச் செல்வம் திரண்டிருக்கிறது. 1951-ல் இங்கே கலைக்கூடம் ஏற்பட்டது முதல், மன்னர்கள் கொலுவிருந்த மண்டபங்களில் தெய்வத் திருமேனிகள் கொலுவிருக்கின்றன.

அவற்றுள் என் கால்களை மேலே நடக்கவொட்டாமல் நிறுத்தியது, திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர். முதலாம் ராஜராஜன் காலத்தில், 1011-ல் எழுந்தருளுவிக்கப்பட்டு, பிற்காலத்தில் மண்ணுள் மறைந்து கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மீண்டும் வெளிச்சம் கண்ட விக்கிரகம் அது. சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, அதனிடையே அரவங்கள் நெளிய, ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே வைத்து, ஒரு கரத்தை இடபத்தின்மேல் சார்த்தி நிற்கிறார் சிவபெருமான். இடபத்தைக் காணோம். ஆயினும் அந்தக் கரம் வளைந்திருக்கும் வளைவையும், இடை ஒசிந்திருக்கும் ஒசிவையும் கண்டமாத்திரத்தில், அதன் உயரம் இன்னது, அது நிற்கும் நிலை இன்னது என்று கண் தானே அளந்துகொள்கிறது.

இத்தகைய உலோகத் திருமேனியை முதலில் மெழுகில் வடித்து, வண்டல் மண்ணால் மூடி, சூட்டில் மெழுகை உருக்கி வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, ஆறியபின் மண்ணை உடைத்தெடுப்பதே நம் ஸ்தபதிகளின் முறை. ஒரு முறை உடைந்த கருவில் மறுமுறை வார்க்க இயலாதாகையால், ஒவ்வொரு திருமேனியும் தனிச் சிருஷ்டி.

இதே அரண்மனையில், ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன் வெண்சலவைக்கல்லில் வடித்த இரண்டாம் சரபோஜி மன்னர், கூப்பிய கையுடன் நிற்கிறார். 1798 முதல் 1832 வரை அரசிருந்து, சரஸ்வதி மஹால் நூலகத்தை ஏட்டுச்சுவடிகளாலும் பல பாஷை நூல்களாலும் வளர்த்த அந்த வித்தியாபிமானிக்குத் தம் முன்னோரின் அரண்மனை கலைக்கு இருப்பிடமானதைவிடப் பெரிய ஞாபகச் சின்னம் வேறு வேண்டியதில்லை.

அபிஷேகமும் தீபாராதனையும் இல்லாத இடத்தில் தெய்வங்களை நிறுத்தலாமா என்று வருந்துகிற பக்தர்களின் மனம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் கோயிலிலே பட்டும் மலரும் மறைத்துவிடுகிற தோளின் திரட்சியையும், ஆடை முடிச்சின் நுட்பத்தையும் இங்கேதான் கண்ணாரக் காண்கிறோம். தன் பெயரைப் பொறிக்காமல் போன ஸ்தபதிக்கு நாம் செலுத்தவேண்டிய வணக்கத்தையும் இங்கேதான் செலுத்த முடிகிறது. ஆகவே தஞ்சைக்குப் போகிற அன்பர்கள், கோயிலுக்கு ஒரு காலை என்றால் அரண்மனைக்கு ஒரு மாலையையேனும் ஒதுக்கவேண்டும். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும்.