மங்கி ஷோல்டர்!
ஸ்காட்லாந்துல டஃப்டவுன் பக்கம் போனா, பால்வெனி விஸ்கி ஆலையை ஒரு எட்டு பார்த்துடுங்க பாஸ்! ஊறவெச்ச பார்லியைத் தரையில் பரப்பி, முளைக்க விடுறாங்க. முளைக்கிறப்போ சூடு ஏறும், வேர் பின்னிக்கும். அதனால ஆட்களே புரட்டிப் போட்டுக்கிட்டு இருக்கணும். அந்தக் காலத்துல ராத்திரி பகலா புரட்டினவங்களுக்குத் தோள் தொங்கிப்போச்சு. அதுக்குப் பட்டப்பேர், ‘மங்கி ஷோல்டர்!’

2005-ல் அதே பேர்ல ஒரு விஸ்கி வந்தது. ஒண்ணுக்கு மேற்பட்ட ஆலைகளின் சிங்கிள் மால்ட்களை மட்டுமே கலந்தது. வேறு தானிய விஸ்கிக்கு இடமில்லை. இந்த வகைக்கு ‘பிளெண்டட் மால்ட்’னு 2009-ல் சட்டமே பேர் வெச்சது.

பாட்டில்ல இருக்கறது மூணு குரங்கு. வலிச்சது என்னவோ மனுஷத் தோள்!