5 வெள்ளி விளையாட்டு

அம்மா இறந்த பிறகு எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு குறைந்துவிட்டது. "சாப்பிட்டாச்சாப்பா?" "ம்ம்." அவ்வளவுதான்.

சென்ற மாதம் 5 வெள்ளிக்குக் கைப்பேசியில் ஒரு விளையாட்டு வாங்கினேன். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்-மேன் பாணி. சந்துபொந்துகளில் புள்ளிகளைத் தின்றபடி நான்கு பேய்களிடமிருந்து தப்பவேண்டும். மூன்றாம் சுற்றிலேயே திரும்பத் திரும்பத் தோற்றேன்.

முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல்.

"எல்லாப் பேயும் ஒரே மாதிரி வராதும்மா. செவப்பு பின்னாலேயே துரத்தும். ரோஸ் கலரு, நீ போற எடத்துக்கு முன்னாடி போய் மடக்கப் பாக்கும்."

அவர் சொன்னபடி ஆடினேன். ஐந்தாம் சுற்றுவரை போனேன். வாலிப வயதில் வேலை முடிந்ததும் சில்லறையோடு விளையாட்டுக் கூடத்துக்கு ஓடிய கதையை அன்றிரவுதான் சொன்னார். அம்மாவுக்குத் தெரியாதாம்.

நேற்று அலுவலகத்தில் தாமதமாகிவிட்டது. அப்பாவிடமிருந்து குறுஞ்செய்தி: "எப்பம்மா வருவே? ஆறாவது சுத்து பாக்கி இருக்கு."