அரபு மண்ணில் விருந்தினராய்

திருத்தணியில் இறங்கிப் பேருந்து மாறி அம்மையார்குப்பம் செல்வோர்க்கு, ஊர் கண்ணில் படுமுன்னரே தறியோசை காதில் விழுந்துவிடும். ஆந்திர எல்லையை அடுத்த நெசவாளர் ஊர் இது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்றுதான் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து பிரிந்து நம் மாநிலத்துடன் இணைந்தது. இன்றும் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கக் கேட்கலாம். அண்டை வீட்டாரின் மொழியையும் வழக்கத்தையும் மதித்து வாழ்வது இவ்வட்டாரத்தாருக்குப் பழகிய ஒன்று.

அண்மையில் அவ்வூரில் நமக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தறி வருமானம் போதாமையால், அவ்வீட்டு இளைஞன் எலெக்ட்ரீசியன் வேலை கற்று, அபுதாபிக்குப் புறப்படும் தறுவாயில் இருந்தான். “பிள்ளை கடல் கடந்து போகிறான் சாமி, ஆசீர்வதித்து அனுப்புங்கள்” என்று தாயார் அழைத்திருந்தார்.

கூடத்தில் பெட்டி பாதி அடுக்கியபடி கிடந்தது. ஊறுகாய், பருப்புப்பொடி, புதிய கைலிகள் இரண்டு, செபமாலை ஒன்று. இவற்றினிடையே சிறு துணி முடிச்சு ஒன்றும் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தோம். கசகசா!

“அம்மா, இதை முதலில் வெளியே எடுத்து வையுங்கள்” என்றோம்.

“குழம்புக்கு அரைக்கிற சாமான்தானே சாமி?” என்று அவர் வியந்தார்.

நமக்கு அது குழம்புச் சாமான்தான். ஆனால் கசகசா, அபினிச் செடியின் விதை. ஆகவே ஐக்கிய அரபு நாடுகளிலும் சவுதி அரேபியாவிலும் அதனைக் கொண்டு செல்வதற்குத் தடை உண்டு. ஒன்றுமறியாமல் எடுத்துச் சென்று விமான நிலையத்திலேயே பிடிபட்டுச் சிறை சென்ற இந்தியர்கள் உள்ளனர். நம்மூர் மருந்துக் கடையில் கிடைக்கும் சில வலிமாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. மருத்துவரின் சீட்டின்றி, அனுமதி விவரம் அறியாமல் எம்மருந்தையும் கொண்டு செல்லலாகாது. பிறர் தரும் பொட்டலத்தை, உறவினரே தந்தாலும், பிரித்துப் பாராமல் வாங்கலாகாது. இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னோம்.

அதுவரை தறியருகே மௌனமாய் அமர்ந்திருந்த தகப்பனார், மெல்ல ஒரு கேள்வி கேட்டார்: “அங்கே போனால் நம் வேதத்தை மறைத்துத்தான் வாழவேண்டுமா சாமி?”

கசகசாவை எடுத்து வைப்பது எளிது. இந்தக் கேள்விக்கு விடை கூறுவது அவ்வளவு எளிதன்று. அரபு நாடு சென்று வந்த நமது அனுபவத்தைக் கொண்டே விடை கூற முயன்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அபுதாபியில் பணிபுரியும் நம் பங்கு மக்களின் அழைப்பின்பேரில் அங்குச் சென்றிருந்தோம். அது நோன்புக் காலம். பகலில் வெயில் சுட்டெரித்தது. நாவறட்சி தாளாமல், தெருவோரத்தில் நின்று தண்ணீர்ப் புட்டியைத் திறந்துவிட்டோம். எம்மை அழைத்து வந்த வாகன ஓட்டுநர் கேரளத்து முஸ்லிம் அன்பர். அவர் எம் கையை மெதுவாகத் தொட்டுத் தடுத்தார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அருகிலிருந்த தம் அறைக்கு எம்மை அழைத்துச் சென்றார், நாற்காலியில் அமர்த்தினார், கதவைச் சாத்தினார், தம் கையாலேயே குவளையில் நீர் ஊற்றித் தந்தார். அவரோ விடியற்காலை முதல் ஒரு சொட்டு நீரும் பருகாதவர்! அன்று நமக்கு உண்டான வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை. மாலையில் நோன்பு திறந்தபோது, முதற் பேரீச்சம்பழத்தை எமக்கு நீட்டிவிட்டே அவர் உண்டார்.

நோன்பு மாதத்தில் பகலில் பொது இடங்களில் உண்பதும் பருகுவதும் புகைப்பதும் அரபு மக்களின் மனத்தைப் புண்படுத்தும். சில நாடுகளில் அது குற்றமும் ஆகும். குவைத்தில் 1968-ஆம் ஆண்டே அதற்கெனச் சட்டம் செய்யப்பட்டது.

வேறு சில மரபுகளும் அறியத் தக்கவை. அரபு மாதர் தாமாகக் கை நீட்டினாலன்றி ஆடவர் கை குலுக்க முற்படலாகாது. நெஞ்சில் கை வைத்து வணங்குவதே போதும். அனுமதியின்றி மாதரைப் புகைப்படம் எடுத்தல் பெருந்தவறு. உண்பதும் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையாலேயே நிகழவேண்டும். இது நம் பாட்டிமார் நமக்குக் கற்பித்ததுதானே! விருந்தினருக்குச் சிறு கிண்ணத்தில் காப்பி வார்ப்பார்கள். போதுமென்றால் கிண்ணத்தை இலேசாக அசைத்துக் கொடுக்கவேண்டும். இல்லையேல் வார்த்துக்கொண்டே இருப்பார்கள். இதனை நாம் அறிந்தது நான்காம் கிண்ணத்திற்குப் பிறகுதான்!

அபுதாபிப் பெரிய பள்ளிவாசலைக் காணச் சென்றோம். மாதர் தலைமுதல் கால்வரை மறைய உடுத்தி, முக்காடிட்டுச் சென்றனர். தொழுகைக் கூடத்திற்குமுன் அனைவரும் காலணிகளைக் கழற்றினோம். திருத்தணி மலைக்கோயிலிலும் வேளாங்கண்ணியிலும் நாம் காணாத வழக்கமா இது?

நம்மவர் வழிபடும் புனித சூசையப்பர் பேராலயமும் அந்நகரில் உள்ளது. அங்கு முதற் கத்தோலிக்க ஆலயம் எழுந்தது 1965-ஆம் ஆண்டில். நிலம் தந்தவர்கள் அந்நாட்டு ஆட்சியாளர்களே. இன்றைய பேராலயத்திற்கு அண்மையிலுள்ள ஒரு பள்ளிவாசலுக்கு 2017-ஆம் ஆண்டில் ‘மரியம், உம் ஈசா’ எனப் பெயர் சூட்டினார்கள். ‘இயேசுவின் தாய் மரியா’ என்பது அதன் பொருள். நம் அன்னையின் பெயர் தாங்கிய பள்ளிவாசலைக் கண்டு சற்று நேரம் நின்றோம். திருக்குர்ஆனின் பத்தொன்பதாம் அதிகாரமும் அவ்வன்னையின் பெயரையே கொண்டது.

ஆயினும் எல்லா நாடுகளும் ஒன்றல்ல. சவுதி அரேபியாவில் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றுகூட இல்லை. பொதுவில் வழிபடவும் இயலாது. ஆலயங்கள் உள்ள நாடுகளிலும் நம் வழிபாடு ஆலய வளாகத்திற்குள்தான். முஸ்லிம்களிடையே மதம் பரப்புதல் குற்றம். இந்த உண்மையைத் தகப்பனாரிடம் நாம் மறைக்கவில்லை. அவர் கேள்வியின் கனம் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு விடை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துள்ளது. 1219-ஆம் ஆண்டில், சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஆயுதமின்றி எகிப்து நாட்டுச் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தார். சுல்தான் அவரைக் கொல்லவில்லை. மரியாதையுடன் நடத்தி அனுப்பினார். பின்னர் 1221-ஆம் ஆண்டில் தம் சபைக்கு எழுதிய ஒழுங்கில், முஸ்லிம்களிடையே செல்லும் சகோதரர்களுக்கு அசிசியார் இரு வழிகளைக் காட்டினார். இறைவனுக்கு விருப்பமானபோது நற்செய்தியை எடுத்துரைப்பது ஒரு வழி. அதற்கு முன்னதாக அவர் கூறிய வழி வேறு: வாதமும் சச்சரவும் செய்யாமல், இறைவனை முன்னிட்டு எல்லாருக்கும் பணிந்து நடந்து, தாம் கிறிஸ்தவர் என்பதை மட்டும் ஒளிக்காமல் வாழ்வது. அச்சந்திப்பு நிகழ்ந்து எண்ணூறு ஆண்டுகள் நிறைந்த 2019-இல், அவர் பெயரையே தாங்கிய மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அபுதாபிக்கு எழுந்தருளினார். பிப்ரவரி 4-ஆம் நாள் அல்-அசார் தலைமை இமாமுடன் மனித சகோதரத்துவ ஏட்டில் கையொப்பமிட்டார். மறுநாள் அவர் நிறைவேற்றிய திருப்பலியில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர்.

தகப்பனாரிடம் நாம் கூறியது இதுதான்: “மறைப்பது வேறு, அடக்கமாய் இருப்பது வேறு. உன் வேதம் எதுவென்று கேட்டால் கிறிஸ்தவன் என்று உங்கள் மகன் தயங்காமல் சொல்லட்டும். கேளாதபோது அவனுடைய நேர்மையான வேலை சொல்லட்டும். ஆடிக் கிருத்திகையன்று காவடி எடுத்து வருவோர்க்கு நாம் ஒதுங்கி வழிவிடுகிறோம். அதனால் நம் விசுவாசம் குறைந்துவிட்டதா?”

அவர் சற்று யோசித்து, “இல்லை சாமி” என்றார்.

செபமாலையை மந்திரித்து அவ்விளைஞன் கையில் கொடுத்தோம். வார விடுமுறை நாளின் திருப்பலியையேனும் தவறவிடலாகாது என்று அறிவுறுத்தினோம். பெட்டியிலிருந்து வெளியேறிய கசகசா, அன்று பகல் குழம்பில் அரைபட்டது; நாமும் இருந்து உண்டோம்.

அன்பர்களே, நம் பங்குகளிலிருந்து பிள்ளைகள் பலர் இவ்வாறு புறப்படுகின்றனர். பெட்டி கட்டும்போது பெற்றோர் அருகிருந்து ஒவ்வொரு பொருளையும் பாருங்கள். அயலார் வீட்டில் விருந்தினர் நடக்கவேண்டிய முறையையும் சொல்லி அனுப்புங்கள். தாகத்தோடிருந்தும் நமக்கு நீர் தந்த அந்த அன்பரைப் போன்றோர் அங்கேயும் அவர்களைச் சந்திப்பார்களாக!