ஞாயிறு இரவு, ஐந்து பேர்

கல்லூரியில் பாலே படிக்கும் மகள், தான் அமைக்கும் நடனத்துக்கு ஏழு பேர் கேட்டிருந்தாள். ஐந்து பேர்தான் கிடைத்தார்கள். ஆடுபவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று பெண்கள் மார்பில் எண் குத்திக்கொண்டு ஆட, நடனம் அமைக்கப்போகும் எட்டு மாணவர்களும் தரையில் உட்கார்ந்து பெயர் குறித்துக்கொண்டார்கள். நன்றாக ஆடுகிறவர்களை எல்லோரும் கேட்கிறார்கள். ஒருவர் இரண்டு படைப்புகளுக்கு மேல் ஆடக்கூடாது என்று துறையில் விதி. ஆக ஐந்து பேர், ஏழு நிமிடம், ஞாயிறு இரவு எட்டிலிருந்து பத்து வரை ஸ்டுடியோ. மற்ற நேரமெல்லாம் வகுப்புகளுக்கு.

காரில் கொண்டுவிடப் போகும் நான் அப்படியே மூலையில் உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே எழுதியவை இவை.

*

பாலேயில் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ப்ளியே, தாந்து, அரபெஸ்க். மகளுக்கு அதுதான் சிக்கல். “ரெண்டு அடி சேத்தாலே கிளாஸ் மாதிரி ஆயிடுதும்மா” என்றாள். முதல் ஒத்திகையில் எனக்கும் அப்படித்தான் பட்டது. அழகாக இருந்தது, பிழையில்லை, ஆனால் யார் செய்தது என்று சொல்ல முடியாத நடனம்.

சின்ன வயதில் மயிலாப்பூரில் நானும் பரதநாட்டிய அடவு கற்றவள். தட்டடவு, நாட்டடவு என்று அங்கேயும் பெயர்கள்தாம். ஆனால் அவற்றைக் கோப்பது வாத்தியாரின் வேலை. நீயே கோத்துக் காட்டு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. இவளிடம் இருபது வயதில் சொல்கிறார்கள். எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் ஒரு வழி கண்டுபிடித்தாள். பெயருள்ள அடியை எடுத்துக்கொண்டு அதில் ஒன்றை மட்டும் கழித்துவிடுவது. அரபெஸ்க்கில் பின்னங்கால் எழும்புகிறது, கைகள் எழும்பவில்லை. சுழல்வதற்கு முழுதாகத் தயாராகிறார்கள், சுழலாமல் நடந்து போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

*

எண்ணும் முறை. எட்டு எட்டாக எண்ணுகிறார்கள். முதல் எட்டு “ஒன்று, இரண்டு, மூன்று…” அடுத்தது “இரண்டு, இரண்டு, மூன்று…” அதற்கடுத்தது “மூன்று, இரண்டு, மூன்று…” எத்தனையாவது எட்டில் நிற்கிறோம் என்பதை முதல் எண்ணே சொல்லிவிடுகிறது. ஆதி தாளத்துக்கும் எட்டுதான். நமக்குக் கணக்கைக் கை வைத்துக்கொள்ளும்; இவர்களுக்கு உதடு. மேடையில் உதடு அசையக்கூடாது என்று மகள் வாரா வாரம் சொல்கிறாள்.

*

நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீன் அமெரிக்காவில் முதன்முதலாக அமைத்த ‘செரனேட்’ பாலேயும் மாணவிகளை வைத்துச் செய்ததுதான். 1934 ஜனவரியில் நியூயார்க்கில் அவருடைய பள்ளி தொடங்கியது. மார்ச் மாதம் ஒரு மாலை வகுப்பு. வகுப்பில் ஆடுவது வேறு, மேடையில் ஆடுவது வேறு என்று காட்டுவதற்காகச் சைக்கோவ்ஸ்கியின் இசையை எடுத்துக்கொண்டார். அன்று வந்திருந்தவர்கள் பதினேழு பெண்கள். பதினேழு பேருக்கு அமைத்தார். அடுத்த முறை ஒன்பது பேர், ஒன்பது பேருக்கு. பிறகு ஆறு பேர்; ஆறு பேருக்கு. ஒரு பெண் விழுந்து அழுதாள், அந்த விழுதல் நடனத்துக்குள் வந்தது. ஒருத்தி தாமதமாக வந்தாள், அதுவும் வந்தது. ஜூன் மாதம் நியூயார்க்குக்கு வெளியே ஒரு செல்வந்தர் வீட்டுத் தோட்டத்தில், திறந்த வெளியில், மாணவிகளே ஆடினார்கள். அப்போது பாலன்சீனுக்கு வயது முப்பது.

நடனம் தொடங்கும்போது பதினேழு பேரும் ஒரு கையை உயர்த்தி, பாதங்களை நேராக வைத்து நிற்கிறார்கள். பிறகு எல்லாப் பாதங்களும் ஒன்றாக வெளிப்பக்கம் திரும்புகின்றன. பாலே கற்கப் போகும் குழந்தைக்கு முதல் நாள் சொல்லித்தரும் முதல் நிலை அது. வீடியோவில் எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது. வகுப்பறையை மறைக்க வேண்டியதில்லை என்று மகளிடம் சொல்ல நினைத்தேன். அவளாகவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

*

கால்நுனியில் நின்று ஆடுவதற்கான பாயிண்ட் ஷூ ஒரு ஜோடி நூறு டாலரைத் தாண்டுகிறது. நுனியில் இருப்பது துணியும் அட்டையும் பசையும்தான்; வியர்வையில் ஊறி நைந்துபோகும். பெண்கள் நல்ல ஜோடியை மேடைக்கென்று எடுத்து வைத்துவிட்டு, செத்துப்போன ஜோடியில் ஒத்திகை பார்க்கிறார்கள். அதனால் ‘யார் பாயிண்டில், யார் மெத்தென்ற ஷூவில்’ என்பது கலை முடிவு மட்டுமல்ல, பிறர் பர்ஸில் கை வைக்கும் முடிவும்கூட. இருவருக்குப் பாயிண்ட், மூவருக்கு மெத்தென்ற ஷூ என்று மகள் முடிவு செய்தாள். அந்த வித்தியாசத்திலிருந்தே நடுப்பகுதி பிறந்தது.

*

ஐவரும் பெண்கள். தூக்குவதும் தூக்கப்படுவதும் அவர்களே. ஒவ்வொரு பிடிக்கும் முன் “இங்கே கை வைக்கலாமா?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். என் காலத்தில் கேள்வியே இல்லாமல் வாத்தியாரின் தட்டுக்கழி மேலே விழும்.

*

பாதி வேலையில் எல்லோரும் கூடிப் பார்க்கும் நாள். லிஸ் லெர்மன் என்ற நடன அமைப்பாளர் 1990இல் வகுத்த முறையைப் பின்பற்றினார்கள். நான்கு படிகள். முதலில், பார்த்தவர்கள் மனதில் எது நின்றதோ அதை மட்டும் சொல்வது. இரண்டாவது, படைத்தவர் கேட்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். மூன்றாவது, பார்த்தவர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் கருத்து ஒளிந்திருக்கக் கூடாது. “ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?” என்பது கேள்வி அல்ல. “வேகத்தை எப்படி முடிவு செய்தாய்?” என்பது கேள்வி. கடைசியில்தான் கருத்து; அதுவும் “ஒன்று சொல்லலாமா?” என்று அனுமதி வாங்கிக்கொண்டு.

மூன்றாவது படியில் ஒரு பையன் கேட்டான்: “பார்வையாளர்கள் எந்தப் பக்கம் இருப்பதாக நினைத்து அமைத்தாய்?” மகள் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கண்ணாடிக்கு முன்னால் அமைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மறுவாரம் கண்ணாடி முழுவதும் திரை இழுத்துவிட்டாள். ஐந்து பேரும் தடுமாறிப்போனார்கள். அடுத்தவளின் மூச்சைக் கேட்டு நகரக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆனது.

*

கல்லூரியில் நடனம் படிப்பது இங்கே புதிதல்ல. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நடனத்தைப் பட்டப்படிப்பாக்கியது 1926இல். யூட்டா பல்கலைக்கழகத்தில் வில்லம் கிறிஸ்டென்சன் பாலே கற்பிக்கத் தொடங்கியது 1951இல். பாலே ஆடுகிறவர்கள் பதினேழு பதினெட்டு வயதிலேயே குழுக்களில் சேர்ந்துவிடுவதால், கல்லூரி என்றாலே தாமதம் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. ஆடுவதற்குத் தாமதமாக இருக்கலாம். அமைப்பதற்கு அல்ல. பெரிய பாலே குழுக்களில் நடனம் அமைக்கும் பெண்கள் இன்றும் குறைவு. மகளோடு நடனம் அமைக்கும் மாணவர்களையும் சேர்த்த எட்டு பேரில் ஆறு பேர் பெண்கள்.

*

மேடையேற ஒன்பது நாள் இருக்கும்போது ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நான்கு பேர்.

மகளுக்கு ‘செரனேட்’ கதை தெரியும். போனவளின் இடத்தை அப்படியே காலியாக விட்டுப் பார்த்தாள். நால்வரும் அங்கே ஒருத்தி இருப்பதுபோல் ஆடினார்கள். அன்றிரவு காரில் அழுதாள். “சும்மா ஓட்டையாத்தான் தெரியுதும்மா.” உண்மைதான், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நடந்துபோன தற்செயலெல்லாம் நடனமாகிவிடாது. பாலன்சீனுக்கு, விழுந்த பெண்ணை எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தது. அவருக்குப் பின்னால் பீட்டர்ஸ்பர்க் பள்ளியும் பத்து வருட மேடையும் இருந்தன. இவளுக்கு இருந்தது இரண்டு ஞாயிறு.

மூன்றாம் பகுதி முழுவதையும் தூக்கிப் போட்டாள். ஏழு நிமிடம் ஐந்தரை நிமிடமானது. நல்லதாகவும் ஆனது.

*

மேடை ஒத்திகை. மார்லி விரிப்பைச் சுருள் பிரித்து, இணைப்புகளில் டேப் ஒட்டுகிறார்கள். முன்விளிம்பில் மையத்துக்கும் கால்பாகங்களுக்கும் சின்ன அடையாளங்கள். விளக்குகள் பக்கவாட்டிலிருந்து, முழங்கால் உயரத்திலும். அப்படி விழும் ஒளியில்தான் உடல் தரையிலிருந்து பிரிந்து தெரிகிறது. அரங்கத்தின் இருட்டிலிருந்து மகள் “கொஞ்சம் நீலம் குறைக்கலாமா?” என்று கேட்டாள். அந்தக் குரல் எனக்குப் புதிது.

*

நிகழ்ச்சி இரவு. அவள் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு, இரண்டு, மூன்று.

*

மறுநாள் காலை பத்து மணிக்கு நால்வரையும் வரவழைத்திருந்தாள். மே மாதம் இருவர் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள்; நடனத்தைக் குறியீட்டில் எழுதிவைக்க இங்கே யாருக்கும் நேரமில்லை. ஒவ்வொருத்தி ஆடுவதையும் தனித்தனியாகப் போனில் எடுக்கும் வேலை எனக்கு. முன்னால் போய் நின்றேன்.

“அங்க இல்லம்மா, பின்னால வா. முன்னாலருந்து எடுத்தா, பார்த்துக் கத்துக்கறவங்களுக்கு இடது வலது மாறிடும்.”

பின்னால் போய் நின்று, முதுகுகளை எடுத்தேன்.