மழையா, மோட்டாரா?

சனிக்கிழமைதோறும் எங்கள் குச்சனூரில் சனீஸ்வர பகவானைத் தரிசிக்க வருவோர் சுரபி நதியில் நீராடுவர். நானோ அன்று விடியலில் கயிறும் கையுமாக எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் நிற்பேன். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நீர்மட்டத்தை அளப்பது என் வேலை.

மாசி முதல் வைகாசி வரை அளந்ததில் நீர் ஆறு அடி இறங்கியிருந்தது. "மழை பொய்த்தது, கிணறு வற்றியது" என்று அட்டையில் அழகாக எழுதி சிஸ்டரிடம் காட்டினேன்.

"உங்கள் கிணற்றில் மோட்டார் உண்டா அம்மா?" என்று வினவினார்.

"உண்டு சிஸ்டர்."

"அது குடித்ததை எழுதவில்லையே!"

தலைகுனிந்தேன். அப்பாவின் மேல் பழி வரக்கூடாது என்றே அதை மறைத்திருந்தேன்.

"கோடையில் எந்தக் கிணறும் இறங்கும். மோட்டார் இல்லாத கிணறு ஒன்றையும் சேர்த்து அளந்து பார்" என்றார் சிஸ்டர்.

மறு ஆண்டு பெரியப்பா தோட்டத்துக் கிணற்றையும் அளந்தேன். அதில் இறைப்பே இல்லை. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே வெயில். அது இரண்டடி இறங்கியது. எங்களுடையது ஆறரை அடி. இரண்டடியைக் கோடையின் பங்கென்று கொண்டால், மிச்சத்தில் பெரும்பகுதி எங்கள் பங்குதானே! எங்கள் மோட்டார் பெரியப்பா கிணற்று ஊற்றையும் சிறிது இழுத்திருக்கலாம்.

இன்னொரு வியப்பு. ஜூனில் ஊரில் மழையில்லை. ஆயினும் இரு கிணறுகளும் ஏறின! மேற்கே பாய்ந்த பெரியாற்றைப் பென்னிகுக் கட்டிய அணை 1895 முதல் சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்புகிறது. தேக்கடியில் மதகு திறந்தால் நம் பள்ளத்தாக்கின் வாய்க்கால்கள் நிறைகின்றன, கிணறுகளும் ஊறுகின்றன. ஆக, இறக்கத்தில் மட்டுமல்ல, ஏற்றத்திலும் மனிதன் கை உண்டு.

"இரண்டு ஆண்டு அளவு போதாது" என்றார் சிஸ்டர். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்து வருகிறார்களாம். செடிகொடிகள் தழைக்கும்போது அது குறையும், வாடும்போது கூடும். அது இயற்கையின் மூச்சு. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு சராசரி அளவு ஏறிக்கொண்டே போகிறது. அது நாம் எரித்த நிலக்கரி, எண்ணெயின் கணக்கு. நெடுநாள் அளந்ததால்தான் இரண்டும் பிரிந்து தெரிந்தன.

புதிய அட்டையை அஞ்சி அஞ்சி அப்பாவிடம் நீட்டினேன். நெடுநேரம் பார்த்தவர், "உள்ளதைத்தானே எழுதியிருக்கே தாயி" என்றார். மறுநாளிலிருந்து மோட்டார் ஓடும் நேரம் குறைந்தது.

"இதுவும் ஓர் ஆத்தும சோதனைதான்" என்றார் சிஸ்டர். தோழியரே, வானத்தைக் குறை கூறுமுன் நம் பங்கையும் அளப்போமா?