சத்தம் குறைந்த வெடி

சென்ற வருடம் இணுவிலில் என் பால்ய நண்பனின் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தபோது, அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவனுடைய மகன் ஒரு கதை சொன்னான். அவன் அங்கே குறிபார்த்துச் சுடும் கழகமொன்றில் உறுப்பினன். சுழல்துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாக்களை, சுட்டுக் கழித்த வெற்றுக் கோதுகளில் தானே நிரப்பிக்கொள்கிறான். அங்கே அது ஒரு பொழுதுபோக்கு.

"மாமா, முதல்ல உருளை சுத்தாமல் நிண்டிட்டுது. பாத்தா, கோதின்ர அடியில வைக்கிற கேப்பு சரியா உள்ள இறங்காமல் மயிரிழை வெளியில நிக்குது. அதைச் சரிசெய்ய, பிறகும் நிண்டுது. இந்த முறை ஒரு குண்டு மற்ற வெடிகளின்ர உதைப்பில கோதுக்குள்ளால முன்னுக்கு நழுவி வந்து இடிச்சுக்கொண்டு நிண்டது. அதுகள் பரவாயில்லை. பிறகு ஒருநாள் வெடி 'டப்' எண்டு சின்னனாக் கேட்டுது."

நான் இடைமறித்தேன். "அடுத்ததைச் சுட்டியோ?"

"இல்லை மாமா. விரல் விசையிலதான் இருந்தது. ஏனோ நிப்பாட்டினன். கழற்றிப் பாத்தா, குண்டு குழலின்ர நடுவில இறுகிக் கிடக்குது. அந்தக் கோதுக்கு மருந்து போட மறந்துபோனன். கேப்பின்ர வலு மட்டும் குண்டைக் குழலுக்குள்ள தள்ளி விட்டிருக்கு."

அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். அவனுடைய கையும் கண்ணும் போயிருக்கும்.

நண்பன் என்னைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தார்.

அவனுடைய தகப்பனார். ஐயா என்போம். புகையிலைத் தோட்டக்காரர். பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு ஒன்று வைத்திருந்தார். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்றது. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. வெங்காயமும் மிளகாயும் செய்த யாழ்ப்பாணத்துக் கமக்காரர் தலைநிமிர்ந்த காலம் அது. ஆனால் ஐயாவுக்குத் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. பித்தளைக் கோதுகளில் திரும்பத் திரும்பத் தானே நிரப்பத் தொடங்கினார். வலைக்குக் கட்டும் ஈயம் எங்கள் வாப்பாவின் கடையில் இருந்தது. அதற்காக ஐயா காங்கேசன்துறை வீதி வழியே ஐந்தாறு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்துச் சோனகர் தெருவுக்கு வருவார். வாப்பாவை 'நானா' என்பார். வாப்பா அவரை 'அண்ணை' என்பார்.

முயல் வேட்டைக்குப் போகும் நாளில் வாப்பாவையும் அழைப்பார். குண்டுபட்டுச் செத்தது எங்களுக்கு ஆகாது. உயிரோடு விழுந்ததை வாப்பா பிஸ்மி சொல்லி அறுப்பார். 'நானாவின்ர கை பட்டாத்தான் நானாவுக்கு' என்று சொல்லி ஐயா தன் பங்கைக்கூட எங்கள் பையில் போட்டு விடுவார். வெள்ளிக்கிழமையென்றால் அவர் மச்சம் தொடமாட்டார், வேட்டைக்கும் போகமாட்டார்.

அந்தப் பனங்காணியில் எங்களிருவருக்கும் ஐயா சொல்லித் தந்த பாடங்கள் இரண்டு. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் அவசரப்பட்டுத் திறக்காதே. வாயைத் தரைப்பக்கம் பிடித்துக்கொண்டு பொறுத்திரு. ஈரம் பட்ட மருந்து பிந்தியும் வெடிக்கும். இது முதற் பாடம். இரண்டாவதை அவர் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வார்: "பெரிய சத்தத்துக்குப் பயப்பிடாதேங்கோ. சத்தம் குறைஞ்ச வெடிக்குத்தான் பயப்பிடவேணும். குறைஞ்சு கேட்டா, குழலை வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்காமல் அடுத்ததைப் போடக் கூடாது."

எண்பதுகளில் இயக்கப் பொடியன்கள் வீடுவீடாகத் துவக்குச் சேர்த்தபோது ஐயாவின் துவக்கும் போயிற்று. கோதுகளையும் கொண்டுபோனார்கள். 1988இல் ஐயா காலமானார். வாப்பா செத்தவீட்டுக்குப் போய் நெடுநேரம் படலையடியில் நின்றார்.

1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்களை வெளியேற்றினார்கள் என்ற செய்தி எங்கள் தெருவுக்கு வந்தது. தேநீர்க்கடையில் பேசிக்கொண்டோம். 'அது அங்கே ஏதோ பிரச்சினை' என்றார் ஒருவர். 'எங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள்' என்றார் இன்னொருவர். நான்தான் அந்த இன்னொருவர். மறுநாள் வழமைபோல் கடை திறந்தேன். அதற்கடுத்த நாளும் திறந்தேன்.

ஒக்டோபர் 30ஆம் திகதி எங்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். வாப்பா கடைத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டே லொறி ஏறினார். புத்தளத்து ஓலைக்கொட்டிலில் மௌத்தாகும்வரை அந்தத் திறப்பு அவரிடம் இருந்தது.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் முதலில் போனது சோனகர் தெருவுக்கு. கூரையில்லாத கடையைப் பார்த்துவிட்டு இணுவிலுக்குப் போனேன். நண்பன் கட்டிப்பிடித்து அழுதான். "சாவகச்சேரிச் செய்தி கேட்ட அண்டைக்கே நான் உன்னட்டை வந்திருக்கவேணும் மச்சான். சைக்கிளை எடுத்தனான். பிறகு, எங்களுக்கேன் வில்லங்கம் எண்டு திருப்பி வைச்சிட்டன்" என்றான். அவன் அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். சொன்னான். அதனால்தான் இன்றும் அந்த விறாந்தையில் என்னால் உட்கார முடிகிறது. அவனிடம் என் தேநீர்க்கடைக் கதையை அன்று நான் சொல்லவில்லை. சென்ற வருடம், அந்தப் பிள்ளையின் கதையைக் கேட்ட பிறகுதான் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகன், "அப்ப நீங்கள் ரெண்டு பேரும் குழலைப் பாக்கேல்லை" என்றான்.

நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. மஃரிபுக்கு நேரமாகியிருந்தது. நண்பன் எழுந்துபோய் ஒளுச் செய்யக் கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்தான். ஐயாவும் வாப்பாவுக்கு அப்படித்தான் அள்ளி வைப்பார்.